பெண் ஏறினால் கொதிக்கும் கார்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதன் பிறகு ஸ்பேனர் பிடித்தே பழகிய கைக்குப் பேனா அடங்குவதில்லை. வரிகள் ஏறியும் இறங்கியும் கிடக்கும். பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கார். பெண் ஏறினால் கொதிக்கும் கார் என்று மதுரையில் இன்னும் சிலர் அதைச் சொல்வார்கள். அதில் ஜின் குடியிருந்தது என்றும், மந்திரித்த கயிறு கட்டிய பிறகே அடங்கியது என்றும் காப்பிக்கடையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பெஞ்சில்தான் இருந்தேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் காரைப் பிரித்து மாட்டியவர்களில் நானும் ஒருவன். பெண் ஏறி அது கொதித்த இரண்டு பயணங்களிலும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவன். ஜின் எதுவும் இல்லை.

அது பந்தய ஜாதிக் கார். நீளமான மூக்கு, முன்னால் இரண்டே சீட்டு, மழைக்கு மடக்கிப் போடும் துணிக்கூரை. பின்னால் டிக்கி மூடியைத் திறந்தால் அதற்குள் ஒரு சின்ன சீட்டு இருக்கும். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கியவர் பழைய ஊருக்குள் நூல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் இளையவர். அவரை நாங்கள் சின்ன முதலாளி என்போம். வீட்டிலும் கடையிலும் அவருடைய அண்ணன் வைத்ததுதான் சட்டம். அந்தக் கார் ஒன்றுதான் சின்ன முதலாளி அண்ணனைக் கேட்காமல் செய்த காரியம்.

குளிர் தேசத்துக்குச் செய்த வண்டி அது. தண்ணீரைச் சுற்றவிட அதில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஆறி, தானாகக் கீழே இறங்கி எஞ்சினுக்கு வரும். சீமையில் அது போதும். சித்திரை மாத வெயிலில் அழகர்கோயில் ரோட்டில் போதாது. ரேடியேட்டர் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி கிளம்பும். சின்ன முதலாளி தனியாகப் போனால் எப்போதாவது கொதிக்கும். ஓரமாக நிறுத்தி, பீடி பற்றவைத்து, ஆறிய பிறகு வருவார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொந்தரவு அவர் மனைவி ஏறியபோது வந்தது.

அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு கொட்டாம்பட்டிக்குப் பக்கம். தாயார் இல்லை. அத்தா என்று அவர்கள் சொல்லும் தகப்பனார் மட்டும்தான், அவரும் படுத்த படுக்கை. வேறு பிள்ளைகள் கிடையாது. அந்தப் பக்கம் ரயில் இல்லை. பஸ்ஸில் அந்த வீட்டுப் பெண்கள் ஏறுவதில்லை. கூண்டு வண்டி கட்டினால் போய்ச் சேர ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும், அவ்வளவு நேரம் வீட்டு ஆண்கள் யாரும் கூடப் போக மாட்டார்கள். ஆகவே கார் ஒன்றுதான் வழி.

பிற ஆண்கள் பார்வையில் படாத கோஷா வீட்டுப் பெண் திறந்த காரில் போவதென்றால் திரை வேண்டும். அவர்கள் வீட்டிலேயே கெட்டித் துணியில் ஒரு திரை தைத்திருந்தார்கள். கூரையின் விளிம்பிலிருந்து இடது பக்கம் முழுதும் தொங்கும். முன் கண்ணாடியின் இடது பாதியை மறைத்து, எஞ்சினை மூடும் பானெட்டின் மேலே படர்ந்து, இரு பக்கமும் இறங்கும். காற்றில் தூக்காமல் இருக்க இரண்டு முனைகளிலும் கயிறு வைத்து, முன் விளக்குகளின் தண்டில் இழுத்துக் கட்டுவார்கள். ஓட்டுகிறவருக்கு வலது பாதி தெரியும். வீட்டு முற்றத்தில் பெண்களே கட்டி முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

முதல் பயணத்தில் வழியில் ஏதாவது ஆனால் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றார் சின்ன முதலாளி. எங்கள் பட்டறை மேஸ்திரி என்னைக் காட்டினார்.

“இவனக் கூட்டிட்டுப் போங்க மொதலாளி. பொம்பளைக இருக்கிற பக்கம் தலையே நிமிராது. வண்டி கொதிக்கிறதுக்கு முந்தி இவனுக்குத்தான் கொதிக்கும்.”

பட்டறையே சிரித்தது. அவர் சொன்னது உண்மைதான். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பெண்களிடம் நேராகப் பேசிப் பழக்கமே கிடையாது.

அன்று ஒத்தக்கடை தாண்டவில்லை. சந்தை கூடியிருந்த இடத்தில் வண்டி கொதித்து நின்றது. ஆவியைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்தது. திரையைப் பார்த்து இன்னும் கூடியது. நான் தண்ணீர் டின்னோடு இறங்கினேன்.

“என்னாண்ணே, உள்ள சோறு வடிக்கிறீகளா?” என்றான் ஒருவன்.

“வடிச்சதும் நமக்கும் ஒரு வாய் குடுப்பாக, நில்லுடா மாப்ள,” என்றான் இன்னொருவன்.

கூடை வைத்திருந்த ஒரு பெண் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கக் குனிந்தாள். சின்ன முதலாளி அவளை அதட்டினார். அது ஒரு வாய்ச்சண்டையாக முற்றியது. கடைசியில் யாரோ ஒருவருடைய கூண்டு வண்டியை அமர்த்தி, அம்மாவை அதில் ஏற்றி, ஊருக்கே திரும்பினோம். கொட்டாம்பட்டி போகவேண்டியவர் மதுரைக்கே வந்து இறங்கினார்.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அண்ணனான பெரிய முதலாளி வாசலில் நின்றார். நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல் தம்பியிடம் சொன்னார்.

“நம்ம வீட்டுப் பொம்பள சந்தையில வேடிக்கையா நின்னுருக்கு. இன்னொரு தடவ இந்த வண்டி வழியில படுத்துச்சுண்டு காதுல விழுகட்டும். அப்புறம் வண்டியும் கிடையாது, பயணமும் கிடையாது. அவுக அத்தாவுக்கு இங்கேருந்தே துவா செஞ்சுக்கிரட்டும்.”

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு இல்லை. இனி ஒரு முறை. அதில் வண்டி நின்றால் அந்த அம்மா தன் தகப்பனாரை உயிரோடு பார்க்கப் போவதில்லை. இதை மேஸ்திரியிடம் சொன்னபோது சின்ன முதலாளி குரல் தாழ்ந்திருந்தது. “பழசு பழசாவே இருக்கணும்ண்டு ஒண்ணுமில்ல மேஸ்திரி. எதை வேணும்ண்டாலும் மாத்துங்க. கொதிக்கக்கூடாது.”

எங்கள் பட்டறை வில்லாபுரம் போகிற பாதையில் இருந்தது. காரை உள்ளே தள்ளி, ரேடியேட்டர் இருக்கும் மூக்கைக் கழற்றினோம். ரேடியேட்டருக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் கண்களில் பாதி அடைத்துக்கிடந்தது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பாறைபோலப் படிந்திருந்தது. சோடா உப்புக் கரைசல் ஊற்றிப் பார்த்தோம். கொஞ்சம்தான் கரைந்தது. மேஸ்திரி அதை வைத்துக்கொள்ளவே கூடாது என்று முடிவு செய்தார். உடைசலுக்கு வந்த ஒரு பஸ்ஸின் ரேடியேட்டரிலிருந்து நடுப்பகுதியை அறுத்தெடுத்தோம். அது இரண்டு மடங்கு தடிமன். பழைய பித்தளைக் கூட்டுக்குள் அதை இறக்கி ஈயம் பற்றவைக்க வேண்டும்.

பட்டறையில் எங்களுக்கு அவ்வளவு சுத்தமாகப் பற்றவைக்க வராது என்று பாத்திரக் கடையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் அண்டா, குத்துவிளக்கு செய்கிறவர். காரின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்குங்க இம்புட்டு ஓட்டை?”

“காத்துப் போறதுக்கு அண்ணே,” என்றார் மேஸ்திரி.

“நாங்க ஓட்டைய அடைக்கிறவங்க. நீங்க ஓட்டைக்குப் பக்கத்துல ஓட்டை வைக்கிறீக. சரி, கூலி ஒண்ணுதான்.”

இரண்டு இடத்தில் ஒழுகியது. மறுநாளும் வந்து அடைத்துக்கொடுத்தார்.

அடுத்து பம்ப். லாரியில் இருந்த ஒன்றை எடுத்து, எஞ்சினின் முன்பக்கம் இரும்புத் தகடு வைத்து நிறுத்தி, பெல்ட் மாட்டினோம். தகடு மூன்று முறை தப்பான அளவில் வந்தது. பெல்ட் ஒரு முறை அறுந்து மேஸ்திரியின் முழங்கையில் சுளீரென்று அடித்தது. இரண்டு இறக்கை விசிறியை எடுத்துவிட்டு நான்கு இறக்கை வைத்தோம். அதைச் சுழலவிட்டபோது தரையில் கிடந்த காகிதமெல்லாம் பறந்தது. பித்தளைக் கூட்டின் அழகு போய்விட்டது. ஈயம் வழிந்த தழும்பும், புதுக் குழாயைச் சுற்றிய கம்பியுமாகத் தோற்றம் கெட்டிருந்தது. சின்ன முதலாளி அதை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். அவனியாபுரம் போய் வந்தோம். உச்சி வெயிலில் அழகர்கோயில் அடிவாரம் வரை போய் வந்தோம். இடது சீட்டில் ஆள் பாரத்துக்கு ஒரு நெல் மூட்டை வைத்தார் மேஸ்திரி. பின் சீட்டில் நான். ரேடியேட்டர் மூடி கை வைத்தால் தாங்கும் சூட்டில் இருந்தது. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

“இனி ஜின் வந்தாலும் இதுல குளிருல நடுங்கத்தான் முடியும்,” என்றார் மேஸ்திரி. ஜின் பேச்சு அப்போதே ஊரில் ஆரம்பித்திருந்தது.

மூட்டையை வைத்தவர்களுக்குத் திரையைக் கட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. திரை அந்த வீட்டுப் பெண்களுடையது. பெட்டிக்குள் இருப்பது. அதைக் கொண்டு வாருங்கள் என்று யாரும் கேட்கமாட்டோம். கேட்டிருந்தாலும் வந்திருக்காது. எல்லோரும் அதைக் கண்ணால் பார்த்திருந்தோம். அதைக் காரோடு சேர்த்து யாரும் எண்ணவில்லை.

கொட்டாம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. அத்தாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது, மகள் பெயரை மட்டும் சொல்கிறார் என்று. மறுநாள் காலை வெயிலுக்கு முன் கிளம்பினோம். பெரிய முதலாளி மாடி ஜன்னலில் நின்றார். திரை கட்டி முடித்துக் கார் தெருவுக்கு வந்த பிறகு நான் பின்னால் ஏறி, கால்களுக்கு நடுவில் தண்ணீர் டின்னை வைத்துக்கொண்டேன்.

ஒத்தக்கடையைத் தாண்டினோம். யானைமலை பின்னால் போனது. அந்த இடத்தில் எதிரே வந்த பஸ்ஸின் காற்றில் திரையின் இடது கயிறு அவிழ்ந்து துணி படபடத்தது. சிறிது தூரம் அப்படியே ஓட்டிவிட்டு, வண்டி வாகனம் இல்லாத இடத்தில் நிறுத்தி, சின்ன முதலாளி இறங்கி இன்னும் இறுக்கமாகக் கட்டினார். நான் வழக்கம்போல வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலூர் தாண்டியதும் ஆவி வந்தது.

காலை நேரம். வெயில்கூட ஏறவில்லை. புது ரேடியேட்டர், புதுப் பம்ப், நான்கு இறக்கை விசிறி. இருந்தும் மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் புகைந்தது. சின்ன முதலாளி புளியமரத்தடியில் நிறுத்தினார். இறங்கிவந்து என் அருகில் நின்றார்.

“இன்னும் என்னத்தப்பா மாத்துறது?” என்றார். பானெட்டைத் திறந்து பார்க்கலாம், ஆனால் திரை அதன் மேல் இருந்தது. அதை அவிழ்த்தால் உள்ளே இருப்பவர் தெரிவார். போன தடவையும் அதனால்தான் திறக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, துணியைப் போட்டு மூடியைத் தளர்த்தினேன். கொதிநீர் சீறியது.

தூரத்தில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டிகள் இரண்டு வருவது தெரிந்தது.

அப்போது திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

“ஏங்க, இந்தக் கயித்த அவுத்து விடுங்க.”

“எந்தக் கயிறு?”

“திரைக் கயிறு. அந்தப் பஸ் போனப்ப அவுந்துச்சுல்ல, அப்ப காலுல அனல் அடிக்கிறது நின்னுபோச்சு. சிலுசிலுண்டு இருந்துச்சு. நீங்க எறங்கிக் கட்டினீக, திரும்ப அடுப்பு மாதிரி ஆயிருச்சு. கொதிக்கிற பானைக்கு வாயில துணியக் கட்டுனா என்ன ஆகும்?”

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆனால் என் தலைக்குள் பானெட் தெரிந்தது. அதன் இரு பக்கமும் வரிவரியாக வெட்டியிருக்கும் காற்றுப் பிளவுகள் தெரிந்தன. முன்னால் எவ்வளவு காற்று உள்ளே போனாலும் வெளியே வர வழி அதுதான். கெட்டித் துணி அதன் மேல் ஒட்டிக்கிடந்தது. நான்கு இறக்கை விசிறி அடைத்த பெட்டிக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

“அம்மா சொல்றது சரிங்க மொதலாளி,” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

அவர் கயிற்றில் கை வைத்தார். அவிழ்க்கவில்லை. மாட்டு வண்டிகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணனுக்குத் தெரிஞ்சா…” என்றார்.

“நின்ன வண்டி தெரிஞ்சாலும் அவுக விடப்போறதில்ல. அவுத்துட்டுப் போனது தெரிஞ்சாலும் விடப்போறதில்ல. நின்னா அத்தாவப் பாக்க முடியாது. போனாப் பாத்துருவேன். நான் துப்பட்டிய மூடிக்கிறேன். நீங்க வாரீகளா, நான் எறங்கி நடக்கவா?”

வைக்கோல் வண்டிக்காரர்கள் அருகில் வந்து, “என்ன சாமி, தண்ணி வேணுமா?” என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர்கள் போகும்வரை சின்ன முதலாளி அப்படியே நின்றார். பிறகு இரண்டு கயிறுகளையும் அவிழ்த்தார். பானெட்டின் மேல் கிடந்த துணியைச் சுருட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் தள்ளினார். ஒரு அனல் அலை வெளியே வந்து என் முகத்தில் அடித்தது. எஞ்சினை ஓட்டத்திலேயே வைத்து, டின்னில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பம்ப் அதைச் சுற்றியது. ஆவி குறைந்தது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரத்துக்குள் அடங்கியது.

அதன் பிறகு கார் போன வேகத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் உருவம் முன்னால் இருந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி யாருக்காகவும் நிற்கவில்லை. கொட்டாம்பட்டி வந்தபோது மூடியில் கை வைத்தேன். தாங்கியது.

அந்த அம்மா நான் இறங்குவதற்கு முன்பே வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே பெண்களின் அழுகை கேட்டது. பெரியவர் உயிர் போய்விட்டதோ என்று எனக்குப் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன முதலாளி வெளியே வந்து, “மாமாவுக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சுப்பா. பேரச் சொல்லிக் கூப்பிட்டாக. கஞ்சி குடிச்சாக,” என்றார். பிறகு காரின் மட்கார்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் திரும்பினோம். பெரிய முதலாளி கேட்டதற்குத் தம்பி நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் சொன்னபடி வண்டியைப் பிடுங்கவில்லை. கொட்டாம்பட்டிப் பெரியவரோ எல்லோரும் நினைத்ததைவிட அதிக காலம் இருந்தார். அம்மாவைத் திரும்பக் கூட்டிவரவும், பிறகு மறுபடி கொண்டுபோகவும் வேண்டியிருந்தது.

அந்த மறு பயணத்துக்கு நான் வீட்டுக்குப் போனபோது வேறு திரை கட்டியிருந்தது. பிறந்த வீட்டில் இருந்தபோது அந்த அம்மாவே வெட்டித் தைத்தது. கூரைக்கு உள்பக்கமாகத் தொங்கி, முன் கண்ணாடியோடு நின்றுவிட்டது. பானெட் பக்கம் ஓர் அங்குலம்கூட வரவில்லை. பெரிய முதலாளி படியிறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“என்ன, துணி இம்புட்டாப் போச்சு?” என்றார் தம்பியிடம்.

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன். திரைக்குள்ளிருந்து பெரிய முதலாளிக்கே பதில் வந்தது.

“தொவச்சதுல சுருங்கிருச்சு மச்சான்.”

பெரிய முதலாளி அந்தத் திரையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாசலில் போவோர் வருவோரை ஒரு பார்வை பார்த்தார்.

“சுருங்குனது சுருங்குனதாவே இருக்கட்டும். வெயிலுக்கு முந்திப் போய்ச் சேருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொட்டாம்பட்டிப் பெரியவர் காலமாகும் வரை அந்த அம்மா அதே காரில் பல தடவை போய்வந்தார். ஒரு தடவைகூட கொதிக்கவில்லை. பின் சீட்டில் ஆள் தேவையில்லை என்று நாலைந்து பயணங்களுக்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மதுரை, விய வருடம் தை மாதம் 20-ஆம் தேதி எழுதியது.